செல்வி அம்மாவின் வேலை

அந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை... புளித்துப்போன வெல்ல வாடை. தாராவி சந்துக்குள் நுழைந்ததுமே வரும். யார் வீட்டிலோ பாயசம் அடிபிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். மாட்டுங்காவில் வளர்ந்த பெண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்!

அறுபதுகள்... எனக்கு டைப்பிஸ்ட் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதர் சங்கம் சார்பில் தாராவிக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப் போவேன். சம்பளம் கிடையாது. காசு எப்படி வருகிறது, உழைப்பு என்றால் என்ன, ஏன் சேமிக்க வேண்டும்... இதுதான் பாடம். எல்லாம் ஆறேழு வயது வாண்டுகள்.

அன்றைக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். வீட்டுப் பெரியவர்கள் செய்யும் வேலையை நடித்துக் காட்ட வேண்டும். ஒருவன் தோல் அலசினான். ஒருத்தி இட்லி விற்றாள். அப்புறம் செல்வி எழுந்தாள்.

“டீச்சர், எங்கம்ம வேலய நான் செஞ்சி காட்டுதேன்.”

எதையோ வயிற்றைச் சுற்றிக் கட்டுவதுபோல் கட்டினாள். மேலே சேலையை இழுத்துவிடுவதுபோல் பாவனை செய்தாள். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அசைந்து அசைந்து நடந்தாள்.

“என்னடி இது?”

“சைக்கிள் டியூப்பு டீச்சர். உள்ள சாராயம். அம்ம மாஹிமுக்கு பஸ்ல கொண்டு போவா. போலீசு பாத்தா வயித்துப்பிள்ளக்காரின்னு விட்ருவான்லா!”

பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலம். பிடிபட்டால் ஜெயில். சந்தில் வரும் வெல்ல வாடை சாராய ஊறலின் வாடை என்று அப்போதுதான் உறைத்தது.

உட்காரு என்று சொல்ல வாயெடுத்தேன்... வாசலில் மஞ்சள் தொப்பி. ரோந்து வந்த ஹவல்தார்! அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த நடை எந்தப் போலீஸ்காரனுக்குப் புரியாது?

“ஏ சோக்ரி! க்யா கர்தீ ஹை?” ஏ பெண்ணே, என்ன செய்கிறாய் என்று அதட்டினார்.

செல்வி இடுப்பில் கை வைத்தபடியே உறைந்து நின்றாள். ஐயோ கடவுளே, இவள் அம்மாவை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேனே!

அப்போது பின்னாலிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து செல்வியின் இடுப்பைப் பிடித்தாள். அவள் இடுப்பை இன்னொருவன். கண் மூடித் திறப்பதற்குள் வகுப்பே வரிசை கட்டிவிட்டது.

“ஜுக் ஜுக் காடி, சாப்! ஜுக் ஜுக் காடி!”

ரயில் என்னைச் சுற்றியது, ஹவல்தாரையும் சுற்றியது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பூட்ஸ் சத்தம் அடங்கியதும் ரயில் தானாக நின்றது. ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தார்கள். ஒளிப்பதில் அவர்களுக்கு இருந்த பழக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயம் வந்தது.

செல்வி மட்டும் வந்து என் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

“எங்கம்மட்ட சொல்லிராதிய டீச்சர்... கொன்னே போட்ருவா.”

அதற்கப்புறம் எந்தக் குழந்தையிடமும் வீட்டு வேலையைப் பற்றி நான் கேட்டதில்லை. தபால் ஆபீஸ் சேமிப்போடு பாடத்தை நிறுத்திக்கொண்டேன்.

போன மாசம் செம்பூரில் கொள்ளுப்பேத்தி ஸ்கூலில் விழா. காசு, வேலை பற்றி இப்போது புஸ்தகமே இருக்கிறதாம்! ஒவ்வொரு குழந்தையும் மைக்கைப் பிடித்து அப்பா அம்மா வேலையைக் கணீரென்று சொன்னது. ஒளிக்க ஒன்றுமில்லாத குழந்தைகள்... கேட்கவே எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

ஆனாலும் பாருங்கள்... எங்கள் குட்டி மைக் முன்னால் வாயைத் திறந்ததும், நான் அவளைப் பார்க்கவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தேன்.