சகலன் போட்ட புள்ளடி

முதியவரைப் பராமரிக்கிற வேலையில் கைக்கும் காலுக்கும் சம்பளம் உண்டு, காதுக்குக் கிடையாது. சிசிலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, அவருடைய அரசியலையும் கேட்டு முடித்து வீட்டுக்கு வந்தால், அங்கே மனைவியின் அரசியல் தொடங்கும். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா இருப்பதா என்று வாக்கெடுப்பு வைத்த காலத்தில் இரண்டு வீட்டு அரசியலும் ஒன்றாகிவிட்டது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கும், லண்டனில் ஒரு சகலன் இருப்பவர்களுக்கும் என் பாட்டை விளக்கத் தேவையில்லை.

சீட்டாட்டத்தில் ஒரு கேள்வி

வழக்கறிஞரை எல்லாரும் 'அவ்வொகாத்தோ' என்றே அழைப்பார்கள். இத்தாலியில் வழக்கறிஞர் ஓய்வுபெறுவதில்லை. பட்டம் கல்லறை வரைக்கும் போய் அங்கே செதுக்கப்படும். பின்னேரங்களில் அவரோடு சீட்டாட வருபவர் ஒரு பழைய மருந்துக்கடைக்காரர். ஆங்கிலேயர் வெளியே போகவேண்டும், பின்னால் இத்தாலி போகவேண்டும், அதற்குப் பின்னால் சிசிலி இத்தாலியையே விட்டுப் போகவேண்டும் என்பது அவருடைய கட்சி. சிசிலி இத்தாலியோடு சேர்ந்ததும் ஒரு வாக்கெடுப்பால்தானே என்று அவ்வொகாத்தோ சொல்ல, அதற்குப் பிறகு ஒருவரும் எங்களைக் கேட்கவில்லையே என்று மருந்துக்கடைக்காரர் சீட்டைக் கீழே போட்டுவிட்டார்.

நான் கோப்பி கொண்டுபோய் வைத்தேன். மருந்துக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். உங்கள் நாட்டிலும் பிரிந்து போகக் கேட்டீர்களாமே, வாக்குப் பெட்டி வைத்தார்களா என்றார். இல்லை என்றேன். அவர் உண்மையாகவே அறிய விரும்பி, கோப்பியில் சீனியைக் கலக்கிக்கொண்டு கேட்டார்: "அப்படியானால் எப்படித்தான் தீர்மானித்தீர்கள்?"

யாருக்கு வாக்கு

அவ்வொகாத்தோவின் ஒரே மகள் லண்டனில் பல்கலைக்கழக ஆசிரியை. அவள் இருபது வருஷமாக அங்கே வரி கட்டுகிறாள், ஆனால் இத்தாலியக் குடிமகள் என்பதால் இந்த வாக்கெடுப்பில் அவளுக்கு வாக்கில்லை. கிழவர் அன்று சூப்பைத் தொடவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, என் சகலன் குகனுக்கு வாக்கு இருக்கிறது என்று சொன்னேன். அவன் படிக்கப் போய் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவன். அப்போது அவனிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டுத்தான்.

அவ்வொகாத்தோ நம்பவில்லை. உடனே மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். பொதுநலவாய நாட்டுக்காரர் அங்கே வசித்தால் வாக்களிக்கலாம், ஐரோப்பியரை ஐரோப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. வெள்ளைக்காரன் எங்களை ஆண்டதற்கு இப்படியொரு நட்டஈடு இருப்பது எனக்கே புதினம். குகனுக்கு என்ன வேலை என்று கிழவர் கேட்டார். பெற்றோல் நிலையத்தில் காசாளர் என்றேன். சூப்புத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "என் மகளுக்காகவும் சேர்த்து அவனைப் போடச் சொல்."

கீழ்த்தளத்து ஆலோசனை

இங்கே என் சொந்த வயிற்றெரிச்சலைச் சொல்லவேண்டும். பலெர்மோத் தமிழருக்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பத்து வருஷம் வீடு துடைத்து, முதியவர் பார்த்து, இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும், ஒன்றியத்துக்குள் எங்கேயும் குடியேறலாம் என்பதால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் போய்விடுவார்கள். அடுத்த வீட்டில் ஒரு குடும்பம் பெட்டி கட்டினால் எங்கள் வீட்டில் அன்று கறிக்கு உப்பு இராது. என் மனைவி சுபாவுக்கு லண்டன் என்றால் தங்கச்சி வதனி, குகனின் பெண்சாதி. வதனி வீட்டுத் தோட்டம், வதனியின் பிள்ளைகள் பேசும் ஆங்கிலம், வதனி வாங்கும் முருங்கைக்காய். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது. அது கிடைப்பதற்குள் ஆங்கிலேயர் கதவைச் சாத்தினால் எல்லாம் போச்சு.

அவ்வொகாத்தோவின் கட்டடத்தில் வாயிற்காவல் பார்ப்பவர் மரியதாஸ், மன்னார்க்காரர், லண்டன் ஆசை துளியும் இல்லாதவர். அவர் என்னை 'மாஸ்டர்' என்பார். நான் படிப்பித்ததில்லை, பிறர் பேச்சில் பிழை திருத்துகிற பழக்கத்துக்கு ஒரேத்தோத் தெருப் பக்கத்துத் தமிழர் கொடுத்த பட்டம் அது. என்ன நடக்கும் என்று நான் மூன்று பத்திரிகைகளை வைத்து அவருக்கு விளக்கினேன். அவர் படியைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "உந்தப் பேப்பருகளை விடுங்கோ மாஸ்டர், கதவு பூட்டுறது உள்ளுக்கை நிக்கிறவங்கள்தானே, உங்கடை சகலனைக் கேளுங்கோ" என்றார்.

சகலனின் விளக்கம்

கேட்டேன். வாக்கெடுப்பு நாளில் நான் தொலைபேசி எடுத்தபோது, வாக்களித்துவிட்டு வேலைக்கு வந்து நின்றான் குகன். வாக்குச்சீட்டில் பென்சிலால் புள்ளடி போடுகிறார்களாம், பெட்டியடியில் ஒரு பொலிஸ்காரனும் இல்லையாம். எங்கள் ஊரில் பிரிந்து போகிற கேள்விக்குப் பென்சில் தரவில்லை என்று நினைத்தபோது வந்த பொறாமை, வதனியின் தோட்டத்தைப் பார்த்துக்கூட வந்ததில்லை.

எந்தப் பக்கம் போட்டாய் என்றேன். வெளியே போகத்தான் என்றான். காரணமும் சொன்னான். இத்தாலிப் பாஸ்போட்டோடை வந்து குவியிற எங்கடை சனத்தாலைதான் வாடகை ஏறீட்டுது, பள்ளிக்கூடத்திலையும் இடமில்லை, எங்கையோ நிப்பாட்டத்தானே வேணும் என்றான். அப்படி வருவதற்குக் காத்திருக்கிற ஆள் நான்தான் என்று ஞாபகப்படுத்தினேன். அந்தப் பக்கம் கடைக் காசுப்பெட்டி இரண்டு தரம் கீச்சிட்டது. பிறகு குகன் மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "உங்களை நினைச்சுப் போடேல்லை அண்ணை, பொதுவாய்ப் போட்டனான்."

வெட்டுப்பட்ட வாக்குகள்

வெளியே போகிற பக்கம் வென்றது. சுபா தங்கச்சியோடு கதைப்பதை நிறுத்தினாள். குகனின் ஒரு புள்ளடியால் ஒன்றியம் உடையவில்லை என்று கணக்கோடு விளக்கினேன். அதற்காக என்னோடும் கதைப்பதை நிறுத்தினாள். ஆவணி பிறந்த பிறகு வதனியே அழுதபடி தொலைபேசி எடுத்தாள். தான் இருக்கச் சொல்லித்தான் போட்டாளாம், புருஷனுடையதும் தன்னுடையதும் வெட்டுப்பட்டுப் போச்சுதாம், அந்த வீட்டில் ஆளுக்கொரு அறையாம். சகோதரிகள் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள், சிரிப்பும் கேட்டது. சமாதானம் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். தொலைபேசியை வைத்துவிட்டுச் சுபா சொன்னாள்: "வெட்டுப்படுறதுக்கெண்டாலும் அவையளுக்கு ரெண்டு வாக்கு இருந்திருக்குது."

சத்தியப்பிரமாணம்

ஆங்கிலேயர் போகிறோம் போகிறோம் என்று வாசலில் நின்று கதைத்தே நாலு வருஷம் போக்கினார்கள். இப்படி விடைபெறுகிறவர்களை யாழ்ப்பாணத்துக்கு வெளியே நான் கண்டதில்லை. அந்த நாலு வருஷமும் சுபா பெரிய பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைக்க விடவில்லை, உடனே எடுக்கலாமென்று அலுமாரிக்கு மேலேயே வைத்திருந்தாள். கடைசியில் கதவு சாத்திய அடுத்த வசந்தத்தில் எனக்குக் குடியுரிமை வந்தது.

மாநகரசபையில் சத்தியம் செய்யப் போகிற காலையில், அவ்வொகாத்தோதான் என் கழுத்துப்பட்டியைக் கட்டிவிட்டார். தன்னுடைய பட்டி, நீலம். கண்ணாடியில் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனி நான் போகமாட்டேன் என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் முயலவுமில்லை. "வாழ்த்துகள்," என்றார், "இனிமேல் என் மகளைப் போலவே உனக்கும் இங்கிலாந்தில் வாக்குக் கிடையாது."

விமான நிலையத்தில்

இந்தக் கோடையில் குகன் குடும்பம் எங்களைப் பார்க்க வந்தது. இப்போது அவர்கள் பிரித்தானியக் குடிமக்கள். விமானம் இறங்கிக் கனநேரமாகியும் ஆட்களைக் காணவில்லை. உள்ளே வெளிநாட்டவர் வரிசையில் நிற்கிறோம், கைரேகை எடுக்கிறார்கள், காற்றாடி வேலை செய்யவில்லை என்று வதனி செய்தியும் படமும் அனுப்பினாள். படத்தில் குகன் யாரோ ஒருவரின் கைக்குழந்தைக்கும் ஒரு பெரிய பெட்டிக்கும் நடுவில் வேர்த்து வடிந்துகொண்டு நின்றான்.

கிழவரைத் தூக்கித் தூக்கி வந்த முதுகுவலி எனக்கு அன்று பனடோல் மாத்திரை இல்லாமலே நின்றது. நாங்களென்றால் மற்ற வாசலால் விறுவிறென்று வந்துவிடுவோம், ஒருவரும் விரலைப் பிடிக்கமாட்டார்கள், வாக்குப் போட்டவனே வரிசையில் நிற்கிறான் பார் என்று சுபாவுக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன். அவள் படத்தை விரலால் பெரிதாக்கி, குகனின் கையில் இருந்த கடுநீலப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்: "நிண்டாலும் லண்டன் பாஸ்போட்டோடைதானே நிக்கினம்."

ஒன்றியத்தை விட்டுப் போக விரும்புகிற நாட்டுக்கு ஒரு பென்சிலும் நாலு வருஷமும் போதும், சகலனை விட்டுப் போக விரும்புகிறவனுக்குத்தான் இன்னும் எந்த நாடும் வாக்கெடுப்பு வைக்கவில்லை.