பின்னால் நின்ற குரல்

லூஷியஸ் பெட்வே ஓட்டுகிற பஸ்ஸில் யாரும் பாடக் கூடாது. டெக்ஸ்டர் சாலையில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். டிரான்சிஸ்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறும் பயல்களைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பான், அடங்கிவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெண் தன்னை மறந்து எம்பர்டோன்ஸ் குழுவின் பழைய பாட்டொன்றை முனகினாள். அவள் வாயை மூடும்வரை அவன் வண்டியை எடுக்கவில்லை. டெட்ராய்ட்டின் மேற்குப் பக்கம் முழுக்கச் சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவன். அந்தப் பாட்டின் உச்சியில் கேட்கும் குரல் இந்தச் சிடுமூஞ்சியுடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

யாருக்கும் தெரியாது. அதுதான் அவன் வயிற்றெரிச்சல்.

தேவாலயச் சபையின் பாடகர் குழுவிலிருந்து கிளம்பிய நாலு கறுப்பினப் பையன்கள்தான் எம்பர்டோன்ஸ். முதல் ஆல்பம் போட்டபோது ஸ்டுடியோவில் நாலு பேருக்கும் ஒரே மைக். யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் கால்கள்தான் தீர்மானிக்கும். முன்னால் வந்தால் கேட்கும், பின்னால் போனால் தேயும். லூஷியஸின் குரல் கத்தி மாதிரி அறுக்கிறது என்று சொல்லி, முன்னால் நின்று பாடிய ஹார்லன் கெய்தர் அவனைச் சுவரோரம் நிறுத்தினான். இவனும் நின்றான். ஆல்பத்தில் அவன் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலக் கேட்டது. அட்டையில் இவர்கள் யாருமே இல்லை. கடற்கரையில் ஒரு வெள்ளைக்கார ஜோடி சிரித்துக்கொண்டிருந்தது. வாங்க ஆளில்லை.

இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், கீழ்க்குரல் பாடும் கிளியோஃபஸ் இவன் சட்டையைப் பிடித்து மைக்குக்கு முன்னால் இழுத்துவிட்டான். இவன் பாடினான். அந்தப் பாட்டுதான் நாடெங்கும் ஓடியது. இந்த முறை அட்டையில் நால்வரும் இருந்தார்கள், ஆனால் பெரிய எழுத்தில் 'ஹார்லன் கெய்தரும் எம்பர்டோன்ஸும்'. உச்சிக் குரலும் ஹார்லனுடையது என்று ஊர் நம்பியது. அவனும் மறுக்கவில்லை. வானொலிப் பேட்டியிலாவது உண்மையைச் சொல் என்று லூஷியஸ் கேட்டான். மூன்றாவது ஆல்பத்துக்கு முன் அவனைக் கழற்றிவிட்டு, வாய் திறக்காத இளவட்டம் ஒருவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பஸ்தான்.

கிளியோ மட்டும் உறவை விடவில்லை. ஞாயிறு தவறாமல் போன் செய்வான், ஹார்லனை ஏசுவான், தானும் அவனிடமே வேலை பார்ப்பதற்காகத் தன்னையும் ஏசிக்கொள்வான். கடைசியில் கிளியோ நுரையீரல் கெட்டுச் செத்துப்போனான். அடக்க ஆராதனையில் ஹார்லனும் லூஷியஸும் சேர்ந்து அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று அவன் மனைவி மோசெல் சொல்லி அனுப்பினாள். லூஷியஸ் சம்மதித்தான். துக்கம் இருந்தது, பொய் எதற்கு, அதைவிடப் பெரிய ஆசையும் இருந்தது. அந்தக் குரல் யாருடையது என்று சொந்தச் சபை ஒரு தடவையாவது காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போதகரின் அறையில் ஹார்லன் விலை உயர்ந்த மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தான். கை கொடுக்கவில்லை.

"சனங்க என்னைப் பாக்க வந்திருக்காங்க, லூஷியஸ். உச்சி வரும்போது நான் மைக்ல வாயை மட்டும் அசைக்குறேன். நீ பின்னால நின்னு எடுத்து விட்டுடு. நமக்கு அது பழக்கம்தானே."

"பழக்கம்தான்," என்றான் லூஷியஸ். அப்போதே தீர்மானித்துவிட்டான்.

சபை நிரம்பி வழிந்தது. சவப்பெட்டிக்கு முன்னால் ஒரே மைக். ஹார்லன் அதைப் பிடித்துக்கொண்டான். அவன் சொன்ன இடத்தில் லூஷியஸ் சமர்த்தாகப் போய் நின்றான். பாட்டு ஏறியது. உச்சி வந்ததும் ஹார்லன் கண்ணை மூடி வாயைத் திறந்தான். லூஷியஸ் கையைக் கட்டிக்கொண்டு வாயை இறுக மூடினான். இவன் பெயர் நாறட்டும் என்று நினைத்தான்.

வேறு வழியின்றி ஹார்லன் தானே அந்த உச்சியை எட்ட முயன்றான். குரல் உடைந்து, பிசிறி, பாதியில் நின்றது.

இதே சபையில் வளர்ந்த லூஷியஸ் ஒன்றை மறந்துபோயிருந்தான். இங்கே பாடுகிறவன் குரல் உடைந்தால் யாரும் சிரிப்பதில்லை. "மெதுவா, பிரதர், மெதுவா," என்று முன்வரிசைக் கிழவிகள் ஆரம்பித்தார்கள். "துணை நில்லுங்க ஆண்டவரே," என்றது இன்னொரு பக்கம். நண்பனை நினைத்து நெஞ்சு வெடிக்கிறது என்று எடுத்துக்கொண்டு சபையே எழுந்து கைதட்டியது. சபையில் தொண்டு செய்யும் வெள்ளைக் கையுறைப் பெண்கள் விசிறியோடு ஓடினார்கள். ஹார்லன் மேடையில் பழுத்தவன். சட்டென்று பெட்டியருகே மண்டியிட்டான். விட்ட இடத்திலிருந்து சபையே பாடி முடித்தது. லூஷியஸ் என்று ஒருவன் நின்றதை யாரும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து சபையின் கீழ்த்தளத்தில் போட்ட சாப்பாட்டில் வறுத்த கோழிக்கும் மக்ரோனிக்கும் நடுவே ஹார்லன் புகழ்தான். ரெக்கார்டில் கேட்ட அதே குரல் என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோசெல் வந்து லூஷியஸுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் கண்ணில் ஈரம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"நீ வாயே தொறக்கல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அந்தப் பாவிக்காக எதற்குப் பாட வேண்டும் என்று கேட்டான்.

"அவனுக்காகப் பாடச் சொன்னேனா? ஆஸ்பத்திரியில கிளியோ அந்த ரெக்கார்டைப் போட்டுப் போட்டு நர்ஸ் பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு. இது ஹார்லன் இல்லம்மா, எங்க லூஷியஸ். நம்பலேன்னா என் அடக்கத்துக்கு வந்து உன் காதால கேளுன்னாரு. அந்தப் பொண்ணு லீவு போட்டுட்டு வந்து உக்காந்திருந்தா. இப்பத்தான் போறா. பாவம், மருந்து மயக்கத்துல ஏதோ பேசியிருக்காருன்னு என்னைத் தேத்திட்டுப் போறா."

லூஷியஸ் தட்டை ஒதுக்கிவைத்தான். மோசெல் விடவில்லை.

"அன்னைக்கு உன்னைப் பின்னால நிறுத்தினது ஹார்லன். இன்னைக்கு நீயே போய் நின்னுக்கிட்ட. அதுவும் எம் புருஷனைப் பொய்யனாக்கிட்டு."

அவள் எழுந்தாள். லூஷியஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அது மேலே ஆராதனையில் திறந்திருக்க வேண்டிய வாய். மோசெல் காத்திருக்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.