சுகிர்தாவின் பங்கு

மருமகள் புதிதாக ஒரு கரண்ட் குக்கர் வாங்கியிருக்கிறாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் குவளையும் வந்தது. அரிசியை அதில் அளந்து கொட்டி, தண்ணீரை ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் நம் வேலை முடிந்தது. நேற்று அவள் குளிக்கப் போனபோது, நானே போடுகிறேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அளந்து கொட்டிய கையோடு என் வலது கை பாத்திரத்துக்குள் போய் ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டது. அள்ளிய பிறகுதான் விழித்தேன். அதைப் போட்டு வைக்க இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. மூடிய கையோடு நின்றுகொண்டிருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மருமகள், "இன்னா அத்த, அளவு ஜாஸ்தியாயிடுச்சா?" என்றாள். ஆமாம் என்று திரும்பக் கொட்டிவிட்டேன். எண்பதைத் தாண்டிய பிறகு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்கத் தெம்பு இல்லை. உங்களிடம் சொல்லலாம், உங்களுக்கு அவசரமில்லை.

அது பிடியரிசி. அறுபதுகளில் நாங்கள் செஞ்சியில் இருந்தபோது எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள் எல்லார் வீட்டிலும் அதற்கென்று ஒரு கலயம் இருக்கும். உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கட்டிக் கோயிலுக்கு எடுத்துப் போவோம். ஆராதனை தொடங்குமுன் வாசலில் ஒரு பெரிய அண்டா வைத்திருப்பார்கள். வீட்டுப் பேரைச் சொல்லிக் கொட்ட வேண்டும். நான் "டைம் கீப்பர் வீடு" என்று சொல்லிக் கொட்டுவேன். என் வீட்டுக்காரருக்கு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. வெளியூர் பஸ்ஸையெல்லாம் நேரத்துக்குக் கிளப்புவார், கோயிலுக்கு மட்டும் நாங்கள்தான் கடைசியாகப் போவோம். அண்டாவில் சேரும் அரிசி கோயிலுக்குப் பின்னாலிருந்த போர்டிங் பிள்ளைகளுக்குப் போகும். சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கிற பிள்ளைகள்.

செஞ்சி என்றாலே எல்லாரும் கோட்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அத்தனை வருஷம் அதன் காலடியில் இருந்தும் நான் மலை ஏறியது ஒரே ஒருமுறை. அதுவும் டீச்சர் என்பதால், பள்ளிக்கூடப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே ஏறி, எண்ணிக்கொண்டே இறங்கினேன். கோட்டையில் என்ன இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் எண்ணிய தலைகள் இருந்தன.

எங்களுக்குப் பக்கத்து வீடு பத்மாவதியக்கா வீடு. தொண்டூர்ப் பக்கத்து நயினார் குடும்பம், அதாவது ஜைனர்கள். பஜாரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம். எங்களில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சொல்வோம். இது தெரியாமல் அக்கா ஒரு வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக்கு ஏதோ அக்கிரகாரத்துப் புரோகிதர் வந்துபோவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். "ஐயர் வந்தா கோழி அடிக்கிறீங்களே, அவுரு சாப்புடுவாரா?" என்று ஒருநாள் மெல்லக் கேட்டாள். சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

அப்போது சுகிர்தா இருந்தாள். எங்கள் மூத்தவள், அப்போதைக்கு ஒரே பிள்ளை. நான் அரிசி அளக்க உட்கார்ந்தால் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். நான் ஒரு பிடி எடுத்தால் அவளும் ஒரு பிடி எடுக்க வேண்டும். அந்தக் கையில் என்ன பிடிக்கும்? பாதி தரையில் சிந்தும். சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கலயத்தில் போடுவாள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும், நான் கத்துவேன். அவளுக்கு அதெல்லாம் உறைக்காது.

நாலு வயது முடிந்திருந்தது. காய்ச்சல் என்று படுத்தாள், தொண்டை அடைத்துக்கொண்டது, மூச்சு இழுத்தது. பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது, இத்தனை வருஷம் கழித்தும் முடியாது. எங்கள் கல்லறைத் தோட்டம் பாறைக்கு ஓரத்தில் இருந்தது. செஞ்சியில் எங்கே தோண்டினாலும் கொஞ்ச ஆழத்தில் கடப்பாரை கல்லில் மோதும். சின்னக் குழிதான் என்றாலும் வெட்ட வெகுநேரம் ஆனது. பெண்கள் அங்கே வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் போனேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது, பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். தேவ சித்தம் என்றார்கள். தோட்டக்காரர் தனக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார் என்றார் ஒருவர். பறிக்கச் சொல்லி நான் பூ வளர்க்கவில்லை என்று வாய்வரை வந்தது. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கக் காரணம் பத்மாவதியக்காதான். பொழுது சாய்ந்தால் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே தட்டோடு வந்து, ஒன்றும் பேசாமல், நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஆண்டவரைப் பற்றி என்னிடம் பேசாத ஒரே ஆள் அவள்தான். அது எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. ஜெபம் வரவில்லை. எல்லாரும் கண்ணை மூடும்போது நான் திறந்துகொண்டு உத்தரத்தைப் பார்ப்பேன். போகாமல் இருந்தால் தோற்றுப்போவேன் என்று தோன்றியது. யாரிடம் தோற்பது என்று கேட்காதீர்கள்.

வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நான் பழைய அளவிலேயே அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரிச் சோறு தினமும் மீந்தது. தண்ணீர் ஊற்றி வைப்பேன், காலையில் இவர் அதைச் சாப்பிடுவார், அப்படியும் மிஞ்சும். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்திருந்த காலம் அது. பஜாரில் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. வீட்டுக்கு வீடு கேழ்வரகும் கோதுமையும்தான். நான் அளவைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பேன், கை குறைக்காது. பிறகு ரேஷன் கடையில் பிள்ளையின் பேரை எடுத்துவிட்டார்கள். அந்த வாரம் பை இளைத்து வந்தது. நான் இவர்மேல்தான் எரிந்து விழுந்தேன். "அவ பங்கையும் குடுத்துட்டு வந்துட்டியா?" என்றேன். அதுவரைக்கும் நான் அவரை ஒருமையில் பேசியதே கிடையாது. அவர் பையை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. மறுநாள் காலை மூன்று பேருக்கு அளந்தேன். வழக்கமான பிடியைக் கலயத்தில் போட்டேன். பிறகு சுகிர்தா சாப்பிடும் அளவு அரிசியைத் தனியாக எடுத்து வேறொரு பையில் போட்டேன். மீதியைக் களைந்து உலையில் போட்டேன். அன்று ராத்திரி சோறு மிஞ்சவில்லை. எங்களுக்குத்தான் கொஞ்சம் பற்றவில்லை, கேழ்வரகுக் களியைக் கிளறிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பையோடு போனேன். முதல் பையை "டைம் கீப்பர் வீடு" என்று கொட்டினேன். இரண்டாவதை அவிழ்த்து, "சுகிர்தா பங்கு" என்றேன். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பையைப் பிடிக்க வந்த ஐயரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. வாசலை ஒட்டி நின்ற ஆசீர்வாதம் மூப்பர் திரும்பிப் பார்த்தார்.

மூப்பர் சபைக்குப் பெரியவர். தளவானூர்ப் பக்கம். வயதான பிறகு குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கி வந்தவர். அப்படி வந்தவர்களுக்குப் பழைய வழக்கங்களின்மேல் எங்களைவிடக் கண்டிப்பு அதிகம். பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்ட வீட்டை விசாரித்தவர். அவர் அண்டாவிடம் வந்து, மரியாதையாகத்தான் சொன்னார். "டீச்சர்மா, செத்தவங்க பேருக்கு அரிசி வெக்கறது படையல். இதெல்லாம் வேணாம்னு வுட்டுட்டுத்தானே இங்க வந்தோம்."

ஐயரம்மா பையை என் கையிலேயே திருப்பித் தந்தாள். அழுதாள். ஐயர், கமிட்டியில் வைத்துப் பார்ப்போம் என்றார். எங்கள் சபையில் ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் புதைக்க வேண்டுமென்றால் கமிட்டியில்தான் வைப்பார்கள்.

அடுத்த ஞாயிறும் எடுத்துப் போனேன். திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். ஒவ்வொரு வாரமும் பை கனத்துக்கொண்டே வந்தது. ஐயரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, இரண்டு பையையும் ஒன்றாக்கி டைம் கீப்பர் வீடு என்று கொட்டிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், போர்டிங்கில் அரிசி குறைந்து பிள்ளைகள் மதியம் கோதுமைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பேரைச் சொல்லாமல் கொட்டுவதென்றால் அந்த அரிசியை நாங்களே தின்றிருக்கலாமே என்று சொல்லிவிட்டேன். எனக்கு அரிசி பெரிதில்லை. என் பிள்ளையின் பேர் அந்த இடத்தில் சொல்லப்பட வேண்டும். கல்லறையில் ஒருமுறை சொன்னார்கள், ரேஷன் கடையில் ஒருமுறை சொல்லி எடுத்தார்கள், அதோடு எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் நாங்கள் இருவரும்கூடச் சொல்வதில்லை.

பை சுமக்க முடியாமல் கனத்த ஒரு வாரம், நான் கேட்காமலே இவர் அதை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். பெண்கள் கூட்டத்தில் வந்து நிற்க அவருக்கு வெட்கம். ஆனாலும் அண்டா வரைக்கும் தூக்கி வந்தார். மூப்பர் மறுபடி வந்தார். படையல் என்றார்.

அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். கோயில் வாசலில் நின்று ஒரு பொம்பிளை மூப்பரை எதிர்த்துப் பேசுவது அந்தக் காலத்தில் சாதாரணமில்லை. என் குரல் நடுங்கவில்லை. டீச்சர் குரலாயிற்றே.

"செத்தவளுக்கு வெச்சா படையல், இருக்கறவளுக்குக் குடுத்தா பங்கு. அவ ஆண்டவர்கிட்ட இருக்கறான்னு குழிமேட்டுல நின்னு நீங்கதான் சொன்னீங்க. இருக்கறாளா இல்லியா, இப்ப சொல்லுங்க. இல்லன்னு சொன்னா இந்தப் பைய எடுத்துக்கினு போயிடறேன்."

மூப்பர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் அங்கியோடு படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இறங்கி வந்து, தானே பையின் வாயைப் பிடித்து, "சொல்லிட்டுக் கொட்டுங்கம்மா" என்றார். சொன்னேன். கொட்டினேன்.

அன்று ஆராதனை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பின்பக்கம் போர்டிங் சாப்பாட்டு வரிசையைப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் மண்ணில் சம்மணமிட்டு அலுமினியத் தட்டில் சுடுசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்கு ஒழுகும் ஒரு சின்னப் பெண் தட்டைத் தூக்கிக் காட்டி இன்னும் போடச் சொன்னது. அங்கே, பூவரச மரத்தடியில் நின்றுகொண்டு, பிள்ளை போன பிறகு முதல்முறையாக எனக்கு ஜெபம் வந்தது. அவளை வைத்திருக்கிறீர், பத்திரமாக வைத்திரும், பங்கை நான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபித்துக்கொள்ள எதிரில் ஒருவர் இருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயம்தான் எனக்குக் கிடைத்த ஆறுதல், அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். பின்னால் இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள்.

மூப்பர் சில வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, அண்டாவைச் சுற்றிப் பெண்கள் நின்றிருக்கையில், அவரே வந்தார். ஆண்கள் பிடியரிசி கொண்டுவருவதில்லை. துண்டில் கட்டிய அரிசியை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, "முனியன் பங்கு" என்றார். கோயிலுக்குள் பாயில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர்கள் சபைக்கு வருவதற்கு முன்னால், ஊரில், ஞானஸ்நானம் வாங்காமலே இறந்துபோன பிள்ளை. படையலையும் விட்டுவிட்டு, இங்கே பேரையும் சொல்லாமல், அத்தனை வருஷம் இருவரும் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள். ஐயர் தலை குனிந்து நின்றார். மூப்பர் என்னைக் கடந்து போகும்போது, "எங்களுக்கும் ஒருத்தன் இருக்கறான் டீச்சர்மா" என்றார்.

மூப்பர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. இவரும் போய்விட்டார். பத்மாவதியக்கா வீட்டை இடித்துக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். போர்டிங் இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம். கல்லறைத் தோட்டத்தில் மண்மேடுகள் மழையில் கரைந்து, சுகிர்தாவின் இடம் எது என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் ஒரு குத்துமதிப்பில்தான் போய் நிற்பேன்.

இதெல்லாம் போனது பெரிதில்லை. அவளைப் போட்டோ எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குப் புதுக் கவுன் தைத்து எடுக்கலாம் என்றிருந்தோம். முதலில் அவள் குரல் மறந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முகமும் போய்விட்டது. இப்போது கண்ணை மூடினால் காலண்டரில் இருக்கிற ஏதோ ஒரு குழந்தைதான் தெரிகிறது. பெற்றவள் சொல்லக்கூடிய பேச்சா இது? மகன்களிடம் சொன்னதில்லை.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் வாசலில் நிற்பாள். வெயிலுக்கு நாங்கள் நாலைந்து டீச்சர்கள் ஒரே மாதிரி கறுப்புக் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வருவோம். யார் முகமும் யாருக்கும் தெரியாது. நான் தரையைப் பார்த்தபடி ஏதோ யோசனையில் வருவேன். அவள் தெருக்கோடியிலேயே எந்தக் குடை என்னுடையது என்று கண்டுபிடித்துக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருவாள். ஒருநாளும் ஆள் மாறியதில்லை. அதனால் நான் முடிவு செய்துவிட்டேன், ஆண்டவரிடம் போனதும் முகம் முகமாகத் தேடப்போவதில்லை. நிற்பேன். அவள் கூப்பிடட்டும்.