பிள்ளை தலையாட்டிவிட்டாள்

யானை முகத்துப் பெருமானே, முறம் போன்ற செவிகளை அசைத்து அடியார் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் கேட்டருள்பவனே, நான் எழுதப்புகும் இச்சிறு செய்தி பிழையின்றி அமைய உன் கடைக்கண் வேண்டும்.

இன்று வைகாசி மாதத்து வளர்பிறைப் பஞ்சமி. பூச நட்சத்திரம் கூடிய வியாழக்கிழமை. என் தங்கையின் மகளுக்குப் பொன்னுருக்கல் என்று குறித்த சுபநாள். மணமகன் வீட்டார் வைக்கும் பொற்காசைத் தட்டார் நல்ல நேரத்தில் உருக்கித் தாலிக்கு வார்க்க வேண்டிய நாள். அந்த நேரம் கடந்துகொண்டிருக்கிறது. எங்கும் எதுவும் உருகவில்லை. இருக்கவும் முடியாமல் எழவும் முடியாமல், மல்லாவியில் எங்கள் வீட்டு முன்னறைக் கதிரையில் அமர்ந்து இதை எழுதுகிறேன்.

அந்த மருமகள் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை பார்க்கிறாள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாயும் அவளும் என்னோடு இருக்கிறார்கள். கனடாவிலிருந்து வந்த சம்பந்தம் நல்ல சம்பந்தமாகவே தோன்றியது, சாதகமும் பொருந்தியது. பெண் பார்க்கும் சடங்கு தொலைபேசித் திரையில் நடந்தது. சேலை உடுத்திப் பிள்ளையை இதே கதிரையில் இருத்தினோம். திரையில் மணமகனின் தாயார் பெரிதாகவும், மணமகன் அவருடைய தோளுக்குப் பின்னால் சிறிதாகவும் தெரிந்தனர்.

மழை இருட்டு. தொடர்பு விட்டுவிட்டு வந்தது. அந்த அம்மையார் ஏதோ கேட்டார், படம் உறைந்து நின்றது, மீண்டும் அசைந்தது. மருமகள் தலையை ஒருமுறை பக்கவாட்டில் சரித்து அசைத்தாள். மறுகணம் அந்தப் பக்கம் கைதட்டல்.

“பிள்ளை நொட் பண்ணீட்டா! அண்ணை, பாத்தனீங்களே? நொட் பண்ணீட்டா!” என்று என்னை நோக்கிக் கூவினார் அந்த அம்மையார்.

என் தங்கை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சாமியறைக்குள் ஓடினாள். அவள் கொழுத்திய கற்பூரத்தின் வாசம் வீடெங்கும் பரவியது. “மாட்டு ஊசிக்காரிக்கும் ஒருத்தன் வந்திட்டான்” என்று மகளைச் சீண்டவும் செய்தாள். அடுத்த கிழமைக்குள் நாள் வைத்தாயிற்று.

எனக்கு மட்டும் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். காலைப் பூசை முடிந்ததும் பழைய அகராதியை எடுத்து ‘நொட்’ என்ற சொல்லைத் தேடினேன். இசைவு தெரிவிக்கத் தலையசைத்தல் என்றிருந்தது. வழியில் கண்டவருக்கு வணக்கமாக அசைத்தல் என்றும், வாய் திறவாமல் ஏவுதல் என்றும், உட்கார்ந்தபடியே உறங்கி விழுதல் என்றும் இருந்தது. அந்தக் கடைசிப் பொருளுக்கு மாலைப் பூசைகளில் நானே உதாரணமாகிறேன். கோயிலில் பண்ணோடு பதிகம் பாடும் பணி எனக்கு. பாடும்போது எதிரில் இருப்போர் தலைகள் அசையும். உருகியே அசைகின்றன என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அன்று பாடுகையில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். இது எதற்கு அசைகிறது, அது எதற்கு என்று நினைத்து அடியொன்றைத் தவறவிட்டேன்.

அன்று மாலையே கேட்டேன். மருமகள் கிணற்றடியில் மருந்துக் குளிர்ப்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, அண்டைக்கு என்னத்துக்குத் தலையாட்டினனீ?”

“கேக்குதோ எண்டு கேட்டா. கேட்டுது. ஆட்டினன்.”

“சம்மதமோ எண்டும் கேட்டவாவாம்.”

“அது எனக்குக் கேக்கேல்லை மாமா. படம் நிண்டுபோச்சு. பிறகு பாத்தால் எல்லாரும் கைதட்டுகினம்.”

“உடனே சொல்லியிருக்கலாமே?”

“அம்மா கற்பூரம் கொழுத்திப்போட்டா. என்னெண்டு சொல்லுறது?”

பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள். “சம்மதமோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது மாமா. அந்த ஆளோடை நான் ஒரு சொல் கதைக்கேல்லை.”

தங்கையிடம் சொன்னபோது அவள் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தாள். “நாள் வைச்சாப் பிறகு கிண்டுறியளே அண்ணை? என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான், ஆட்டினவள்!” கனடாவுக்கு அழைத்தேன். அந்த அம்மையார் சிரித்தார். “வெக்கத்திலை சொல்லுறா. உங்கடை வன்னியிலை தொடர்புதான் இன்னும் சரிவரேல்லை, மனுசருக்கு என்ன?”

மறுநாள் மணமகனே என்னை அழைத்தான். “மாமா, அம்மா முதல் ‘கேக்குதோ’ எண்டுதான் கேட்டவா. அவா ஆட்டினது அதுக்குத்தான் எண்டு எனக்கும் ஒரு ஐமிச்சம். அம்மான்ரை சந்தோசத்தைப் பாத்திட்டுப் பேசாமல் இருந்திட்டன். நான் அவாவோடை ஒருக்கால் கதைக்கலாமே?”

கதைக்கச் சொன்னேன். தொடர்பு நன்றாகக் கிடைப்பது வேலியோர முருங்கையின் கீழே மட்டும். வேலை முடிந்து வந்ததும் அவள் அங்கே நின்று கதைப்பாள். ஒரு நாளல்ல, பல நாள். நான் யன்னலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயில் பதிகமும் கண்ணில் அவள் தலையுமாக இருந்தேன். ஒருநாள் சிரித்தாள், கலியாணம் நடக்கும் என்றிருந்தேன். இன்னொருநாள் தலையை இருபுறமும் திருப்பினாள். முடிந்தது என்றெண்ணி எழுந்துவிட்டேன். எறும்பு ஏறியதாம் கழுத்தில். அந்நாட்களில் சோறும் செல்லவில்லை. பூசையிலும் மனம் நிலைக்கவில்லை. இறைவன் திருமுன் நிற்கையிலும் அவள் தலைதான் கண்முன் ஆடியது.

நேற்று மாலை, கையில் தொலைபேசியோடு நேரே என்னிடம் வந்தாள். தங்கையும் நின்றாள்.

“மாமா, வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏனடி?” என்றாள் தாய்.

“நல்ல மனுசன் அம்மா. என்ரை வேலையை விட்டிட்டு அங்கை போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது. அவர் இஞ்சை வரவும் ஏலாது. ரெண்டு பேரும் கதைச்சுத்தான் முடிவெடுத்தனாங்கள். தன்ரை அம்மாவுக்குத் தானே சொல்லுறாராம்.”

அவள் தலை சிறிதும் அசையவில்லை. ஒவ்வொரு சொல்லும் வாயிலிருந்து முழுதாக வந்தது. கேட்கக் கசப்பாக இருந்தாலும், பல நாளாக என் நெஞ்சில் நின்ற முள் அப்போது கழன்றது. தங்கைக்கு அப்படியில்லை. அழவில்லை, ஏசவில்லை, மகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இன்று காலை மருமகள் துணுக்காய்ப் பக்கம் வேலைக்குப் புறப்பட்டாள். குளிர்ப்பெட்டியை ஸ்கூட்டியில் கட்டினாள். தாய் சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து இருக்கைமேல் வைத்தாள். “அம்மா, போட்டு வாறன்” என்றாள் மகள். தாய் வாசலில் நின்று பார்த்தாள். ஸ்கூட்டி வேலிப் படலையைக் கடக்கும்போது, தங்கையின் தலை மெல்லச் சரிந்தது.

போய் வா என்றாளா, மன்னித்தாளா, மனம் ஆறாமல் தன் விதியை நொந்தாளா? இங்கிருந்தபடி நானாக ஒரு பொருள் வைத்துக்கொள்ள மாட்டேன். அவள் குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்கிறது. எழுதுகோலை வைத்துவிட்டு, போய்க் கேட்கப்போகிறேன்.

இதைப் படிக்கும் நீங்கள் யாவரும் நலமுற வாழ்க. உங்கள் மனையில் மங்கலம் நிறைக. நீங்கள் தலையசைக்கும்போது, அருகில் வந்து வாயால் கேட்க ஒருவர் உங்களுக்கு என்றும் வாய்க்க யானைமுகன் அருள் துணைநிற்க.