காப்பித் தோட்டத்து விசில்

ஏற்காடு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கரடியூர் எஸ்டேட் காவல்காரர். பேசும்போதெல்லாம் இரண்டு விரல் உதட்டுக்குப் போய்விடும். என் கையிலிருந்த ஆஸ்பத்திரிக் கவரைப் பார்த்து, "ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க?" என்றார்.

கல்லீரலில் பல வருஷமாக வைரஸ் தங்கியிருக்கிறது. அது புகுந்த ஈரல் செல்களைக் கொல்லும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை, என் உடம்பே சமிக்ஞை மூலக்கூறுகளை அனுப்பி அடக்குகிறதாம் என்றேன். "சொந்த உடம்பே துரோகம் பண்ணுதுங்க."

"காட்டுப்பன்னி பூந்தா நாய உடுவேனுங்க. நொம்ப நேரம் தொரத்துனா நாயே காப்பிச்செடிய ஒடிச்சுப்போடும். விசிலடிச்சு நிறுத்திப்போடுவேன்."

"பன்னி?"

"அது கெடக்குமுங்க. தோட்டம் பொழைக்கோணுமில்லீங்க?"

'ஈரல் நன்றாகத்தான் இருக்கிறது' என்று டாக்டர் காலையில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீதி வளைவுகளில் அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனேன். ஏற்காடு வந்ததும் மெல்ல விசிலடித்து எழுப்பினார்.