பாதி டம்ளர் மண்தண்ணீர்

வல்லம் வடகாலில் இப்போது கம்பெனி பஸ்கள் வளைந்து திரும்புகிற முனையில்தான் எங்கள் பழைய ஓலைக் கோயில் இருந்தது. மண் தரை, ஒரு மேசை, ஒரு மரச் சிலுவை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். வேதத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தை மட்டும் யாரும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. அதை எங்கள் அம்மா குடித்தே காட்டினாள்.

அப்பாவுக்கு மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. மாதத்துக்கு ஒரு முறை வருவார். அந்தத் தடவை வந்ததும் அத்தை, அப்பாவின் அக்கா, வாசலிலேயே மறித்துச் சொல்லிவிட்டாள்: "உம் பொண்டாட்டி ரைஸ்மில்லுக்காரன் வண்டியில குந்திக்கினு பெரும்புதூர்லேந்து சிரிச்சிக்கினு வர்றா. ஊரே பாத்துச்சு."

அந்த வண்டியில் நானும்தான் வந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சலோடு அம்மா மடியில் கிடந்தேன். எட்டு வயதுப் பெண்ணை யார் சாட்சி கேட்கிறார்கள். அப்பா சோற்றைத் தொடவில்லை. திங்கட்கிழமை அம்மாவை அவள் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

நடுவில் ஞாயிறு வந்தது. எங்கள் உபதேசியார் வேதத்தை முதலிலிருந்து வரிசை தவறாமல் வாசிக்கிறவர். அன்றைக்கு வந்து நின்றது அந்த அதிகாரம். புருஷனுக்குச் சந்தேகம் வந்தால் பெண்சாதியை ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். அவன் கோயில் தரைப் புழுதியைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கக் கொடுப்பான். தப்பு செய்திருந்தால் வயிறு வீங்கும். அத்தை எழுந்துவிட்டாள்.

"ஐயா, அந்தத் தண்ணியக் கலக்குங்க."

"அது பழைய ஏற்பாடும்மா" என்று உபதேசியார் நெளிந்தார்.

"வேதத்துல எழுதிக்கீதா, இல்லியா?"

அவர் பதில் தேடுவதற்குள் அம்மா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். என்னைத்தான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். மண்ணையும் என்னையே போடச் சொன்னாள். அம்மா வயிறு வீங்கிவிடுமே என்ற பயத்தில் நகக்கண் அளவு கிள்ளிப் போட்டேன்.

"இன்னாடி இது? நல்லா ஒரு பிடி அள்ளிப் போடு."

போட்டேன். அம்மா விரலால் கலக்கி, மோர் குடிப்பதுபோல நிதானமாகக் குடித்தாள். சரியாகப் பாதியில் நிறுத்தினாள். வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரை அப்பாவிடம் நீட்டினாள்.

"இந்தாய்யா. மீதி உன்னுது."

ஆம்பளைக்கு அப்படி எழுதவில்லை என்று அத்தை பாய்ந்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பாமல் உபதேசியாரைக் கேட்டாள்.

"பத்துக் கட்டளை சொல்லிக் குடுத்தீங்களே ஐயா. அதுல ஏழாவது, விபச்சாரம் பண்ணக்கூடாதுன்றது, பொம்பளைக்கு மட்டுமா?"

உபதேசியார் அப்போதுதான் நிமிர்ந்தார். "ரெண்டு பேருக்கும்தாம்மா."

அப்பா டம்ளரை வாங்கினார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். அப்புறம் மேசைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த பாட்டு எதுங்கய்யா?" என்று அம்மாதான் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் பாடியது ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை யாரும் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அப்பா மட்டும் மெட்ராஸுக்குப் போய், தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுநாளே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு நாள்கூட வெளியூரில் தங்கவில்லை. அம்மா வயிறும் வீங்கவில்லை.

எனக்கோ அப்பாவை நினைத்து ஒரே பெருமை. எங்கள் அப்பா அவ்வளவு சுத்தக்காரர், மண் கலந்த தண்ணீரை வாயில் வைக்கமாட்டார் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவிடமும் சொன்னேன்.

அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"ஆமாண்டி. ரொம்ப சுத்தம்."

அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். நான் பெருமையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.