ஆட்காட்டி குடியேறிய தேவாலய மனை

நாள்தோறும் விடியலில் பாசுரங்களைச் சேவித்து, நெற்றியில் திருமண் துலங்க அலுவலகம் செல்பவன் நான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், வளைகுடா நகரான ரூவியில் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் எனக்குச் சோறிட்டது. கட்டடம் எழும்புமுன் அந்நிலத்தில் என்ன முளைக்கிறது, என்ன பறக்கிறது, மழைநீர் எவ்வழி ஓடுகிறது என்று பார்த்து எழுதுவது என் தொழில். அவ்வாறுதான் ஒரு தேவாலயத்தின் பின்பக்க நிலத்துக்கு அனுப்பப்பட்டேன். அதை மனைகளாகப் பிரித்து, ஊழியர்களுக்கும் சபையாருக்கும் வீடு கட்ட எண்ணியிருந்தார்கள்.

என்னை எதிர்கொண்டவர் அங்கே மணியடித்து, பெஞ்சு துடைத்து, சாவி காக்கும் கோயிற்பிள்ளை, திருநெல்வேலிச் சீமைக்காரர். முதல் வீடு அவருக்கென்று முடிவாகியிருந்தது. வீடிருந்தால்தான் ஊரிலிருந்து மனைவியை வரவழைக்க விசா கிடைக்கும். என் நாமத்தைக் கண்டு ஒரு கணம் திகைத்தவர், "எங்க கோயிலுக்குப் பெருமாளே வந்திட்டாருல்லா!" என்றார்.

நிலத்தில் சரளையும், ஒரு முட்செடியும், அதில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளும் கிடந்தன. "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று மனநிறைவோடு சொன்னேன். எங்கள் தொழிலில் அதைவிட நற்சொல் கிடையாது. கெடுவதற்கு ஒன்றுமில்லையெனில் அனுமதி எளிது. இன்னும் ஒருமுறை பார்த்தால் போதும் என்று விடைபெற்றேன்.

மறுமுறை சென்றபோது, வேறெங்கோ வந்துவிட்டதாகவே எண்ணினேன். ரூவியின் பால்கனிகளிலிருந்த பூந்தொட்டிகளெல்லாம் அங்கே அணிவகுத்திருந்தன. நடுவே, வாளி வாளியாக நீர் ஊற்றி வளர்த்த ஒரு குட்டை. எங்கும் பறவைகளுக்கான கம்பு தானியம் இறைந்து கிடந்தது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமே இல்லன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டீயளே சாமி! சபைக்கே மானம் போச்சு. நம்மூர் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தா தொட்டி எரவல் வாங்கி அடுக்குவோம்லா, அதான். இப்பம் எப்படி? பாஸா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓர் ஆட்காட்டிப் பறவை அலறிக்கொண்டு என் தலைமீது பாய்ந்தது. விலகி நின்று பார்த்தால், குட்டையோரச் சரளையில் முட்டைகள். இரவல் பசுமையை நம்பி அது குடியேறிவிட்டது. குஞ்சுகள் வெளியேறும்வரை அங்கே இயந்திரம் இறங்கலாகாது என்பது எங்கள் விதி.

அதை விளக்கியதும் அவர் சரளையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பம் எங்க வீட்டுக்காரி வாரத நானே நிப்பாட்டிட்டனா? சாமி, நீங்க இத பாக்கலன்னு வச்சுக்கிடுங்களேன்."

"பார்த்துவிட்டேனே. அதுவும் என்னைப் பார்த்துவிட்டது."

அன்றுமுதல் அவர் குடையும் துடைப்பமுமாகக் காவலிருந்தார். பறவையோ, காக்கையையும் பூனையையும் விட்டுவிட்டு அவரையே துரத்தியது. தொட்டிகளைத் திரும்பக் கேட்டு வந்த பெண்களை, "உள்ள பிள்ளத்தாச்சி இருக்கா, சத்தம் போடாதீய!" என்று வாசலிலேயே மறித்தார். ஞாயிறு ஆராதனையில் போதகர் அந்தப் பறவையின் சுகப்பேற்றுக்காக ஜெபமும் செய்தாராம்.

தலைவனிடம் பறவையைத் தூது விடும் நாயகியரையே பாசுரங்களில் கண்டவன் நான். தன்னைக் கணவரிடம் போகவொட்டாமல் மறித்த பறவையின் பேறுகாலத்தை நாள்தோறும் தொலைபேசியில் விசாரித்த நாயகியை அங்கேதான் அறிந்தேன். "ஏங்க, பொரிச்சிட்டா?" என்பதே அந்த அம்மையாரின் முதற்கேள்வி, கணவரின் நலம் அதற்குப் பின்.

ஒருவழியாகப் பொரித்தது. குஞ்சுகள் வளர்ந்து தாயோடு பறந்துபோயின. குட்டையை அவரே மண்ணிட்டு மூடினார். நான் அறிக்கை எழுத, அனுமதி வந்தது, வீடு எழும்பியது, மனைவியும் வந்து சேர்ந்தார். மீதி மனைகளின் ஆய்வு அடுத்த கட்டத்துக்கென்று பாக்கி நின்றது.

தேநீருக்கு அழைத்திருந்தார்கள். நான் நுழைகையில் அந்த அம்மையார், "வெயில்ல பறவைங்க பாவம்லா" என்று வாசற்படியில் ஒரு கிண்ணம் நீர் வைத்தார். கோயிற்பிள்ளை பாய்ந்து வந்து அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

"ஏட்டி, உனக்குப் புண்ணியமா போவும், சும்மா இரு! பக்கத்து மனைய சாமி இன்னும் பாக்கல!"